மணி அடிக்காத இரண்டு டெலிபோன்கள்

பழைய டெலிபோன்களைத் தேடி வாங்கி, திருத்தி, ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொடுக்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியாது என்று சொன்னால் நான் அடக்கமாகப் பேசுவதாக நினைக்கிறீர்கள். அடக்கம் எல்லாம் இல்லை. கேளுங்கள்.

அப்புத்தளையில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர். அவருடைய மேசையில் கறுப்பு நிறத்தில், டயல் வைத்த டெலிபோன் ஒன்று இருந்தது. அதைத் தொடுவதற்கு முன்பே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சாமான் என்றேன். இந்த வளைவைப் பாருங்கள், இந்தக் கனத்தைப் பாருங்கள் என்றேன். கனத்தைச் சொல்வதற்கு நான் அதை இன்னும் தூக்கியே பார்க்கவில்லை. வீட்டார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். கடைசியில் தூக்கினேன். பஞ்சு மாதிரி இருந்தது. டயலின் துளையில் விரலை விட்டேன், சுழலவில்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு பட்டன்.

அந்த வீட்டு மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அது போன தீபாவளிக்குக் கொழும்புல வாங்கினது அங்கிள். நீங்க சொன்னதக் கேக்கக் கேக்க எங்களுக்கே சந்தேகம் வந்துருச்சு.”

அந்தத் தேநீரைக் குடித்து முடித்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதைவிடக் கஷ்டமான ஒன்று தெமோதரைப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தது. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதைத்தான். அசல், போலி சமாசாரத்தை வட்ஸ்அப்பில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பதுளைக்காரன். இளம் வயதில் டெலிபோன் கந்தோரில் கம்பி இழுத்தேன். பிறகு பஜாரில் ரேடியோ திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். வீட்டில் டெலிபோன் இல்லாத இடம் சமையலறை மட்டும். அதுவும் மனைவி வாசலில் நின்று தடுத்ததால்.

அது கார்த்திகை மாதத்து மழைக்காலம். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே அறைகளில் வைக்க நாலு டெலிபோன் வேண்டும் என்று மனேஜர் கேட்டான். வேலை செய்யத் தேவையில்லை, பார்க்க அழகாக இருந்தால் போதும் என்றான். அழகு மட்டும் போதுமென்றால் உள்ளே இருப்பதை ஏன் வீணாக்க வேண்டும்? மூன்றின் வயிற்றைத் திறந்து பாகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். நாலாவது ஒரு கறுப்பு. அதைத் திறக்கச் சோம்பலாக இருந்ததால் அது மட்டும் முழுதாகத் தப்பியது.

ஐந்தாவதாக ஒன்றையும் என் வான் வண்டியில் ஏற்றினேன். அது விற்பதற்கு அல்ல, காட்டுவதற்கு. தந்த நிறம். பின்னல் நூல் சுற்றிய கோர்ட். அடியில் சின்னஞ்சிறு இழுப்பறை. பேசினால் பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரர் யாராவது ஹோட்டலில் இருந்தால் அதைப் பார்த்து அசந்துபோவார், நான் அலட்சியமாக “இதை விற்கிறதா உத்தேசமில்லை” என்று சொல்லலாம். இந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காக அவ்வளவு மழையில் அவ்வளவு தூரம் போன ஆள் நான்.

போய்ச் சேர்ந்தபோது வெளிநாட்டுக்காரர் எவரும் இல்லை. மழைக்குப் பயந்து எல்லோரையும் ஜீப்பில் ஏற்றி மனேஜர் பண்டாரவளைக்குக் கொண்டுபோயிருந்தான். நான் வந்த பாதை எனக்குப் பின்னாலேயே இரண்டு இடத்தில் உடைந்தது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமும் போனது. பங்களாவில் நானும் ஐந்து டெலிபோன்களும் மட்டும் மிஞ்சினோம்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பசி தாங்காமல், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் இறங்கினேன். நாலாம் நம்பர் மலைக்கு நேர் கீழே மூன்று லயங்கள். லயத்துக்கு அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டி, மேட்டில் மாரியம்மன் கோயில். அதை ஒட்டினாற்போல் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று முதல் நாளே எல்லோரும் லயத்தைவிட்டு வந்து பிள்ளைக்காம்பராவிலும் கோயிலிலும் படுத்திருந்தார்கள்.

என்னைக் கண்டதும் தோட்டத்துத் தலைவர் யோகநாதன் வந்தார். நாற்பது வயது இருக்கும். தூங்காத கண்.

“நீங்கதானே அந்த டெலிபோன் ஐயா? வான் நெறைய டெலிபோன் கொண்டாந்தீங்களாமே. பதுளைக்கு ஒரு கோல் எடுத்துத் தாங்களேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரி முழுக்க நனைந்து கிடந்த ஆட்களுக்கு அந்தச் சிரிப்பு தேவையாயிருந்தது என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குச் சுருக்கென்றது.

விசயம் இதுதான். உதவி கேட்டு இரண்டு பேர் தெமோதரைக்கு நடந்து போயிருந்தார்கள். அவர்கள் திரும்பிவர எப்படியும் சாயங்காலம் ஆகும். அதற்குள் வெயில் எட்டிப் பார்த்துவிட்டது. வெயிலைக் கண்டதும் சனங்களுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்வர வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் துணி, பால்மா, கோழி, எல்லாம் வீட்டில் இருந்தன.

“தடுத்தா நிக்க மாட்டாங்க ஐயா,” என்றார் யோகநாதன். “மேல ஆளப் போட்டு வெடிப்பப் பாக்கச் சொல்லலாம். ஆனா ஏதாவது ஆனா எப்புடிச் சொல்றது? ஓடை போடுற சத்தத்துல கத்தினா கேக்காது. கையக் காட்டலாம்னா மூட்டம். இந்தா இருந்த மலையக் காணோம், பாருங்க.”

“நான் கனெக்சன் போட்டுத் தாறேன்,” என்றேன்.

இதைச் சொன்னது என் அறிவல்ல. கொஞ்ச நேரத்துக்கு முன் பட்ட அவமானம். வாய் முந்திக்கொண்டது, பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். நல்லவேளையாக யோசித்தபோது வழி இருந்தது. இரண்டு டெலிபோனை வயரால் இணைத்து நடுவில் ஒரு பெட்டரியை வைத்தால் பேசலாம், எக்ஸ்சேஞ்ச் தேவையில்லை. பெட்டரிக்கு ஒரு ஆட்டோ நின்றது. வயருக்கு என் வானில் ஒரு சுருள் இருந்தது. அது போதாமல் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற வயரையும் அவிழ்த்துத் தந்தார்கள்.

ஒரு குறை. ஆட்டோ பெட்டரி குரலைக் கொண்டுபோகும், மணியை அடிக்க அதற்குப் பலம் காணாது. மேலேயிருந்து அழைத்தால் கீழே மணி அடிக்காது. ஆகவே கீழே ஒருவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். செய்தி வந்தால் அவர் சொல்ல, பூசாரி கோயில் மணியை அடிப்பார். மணி கேட்டால் லயத்தில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

பிள்ளைக்காம்பரா ஆயம்மா முன்வந்தார். மருதாயி என்று பேர். ஒரு கையில் குழந்தை, மறு கையில் இன்னொரு குழந்தையின் சட்டை.

“காதுல வச்சுக்கிட்டே இருக்கணுமா?”

“ஆமாம்மா. கீழ வச்சிடக் கூடாது.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“சனம் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புற வரைக்கும்.”

“சரி. இத்தன வருசமா பிள்ளைங்க கத்துறதக் கேட்ட காது. இதக் கேக்காதா.”

குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

கறுப்பை மேலே கொண்டுபோவது, தந்த நிறத்தைப் பிள்ளைக்காம்பராவுக்குள் ஈரம் படாமல் வைப்பது என்று நான் முதலிலேயே தீர்மானித்திருந்தேன். காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வயரை இழுத்து, மேலே போவதற்கு முன் கோயில் வாசலில் வைத்துப் பேசிப் பார்த்தோம். கறுப்பில் நான் பேசினேன்.

“கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு,” என்றார் ஆயம்மா.

வாய்ப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டினேன். உள்ளே கரித்தூள் இறுகியிருந்தால் அப்படித் தட்டினால் இளகும்.

“இப்ப?”

“இப்ப கிணத்துல தண்ணியும் இருக்கு.”

மறுபுறம் மாற்றிப் பார்த்தோம். தந்த நிறத்தில் ஆயம்மா பேசியது மணிமணியாகக் கேட்டது. கறுப்பு கேட்பதற்கு நல்லது, பேசுவதற்கு ஆகாது. மேலே இருக்கிற டெலிபோன் பேச வேண்டிய டெலிபோன். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாத மாதிரி இன்னும் இரண்டு மூன்று தரம் கறுப்பைத் தட்டினேன். யோகநாதன் என் முகத்தையும் டெலிபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த வெள்ளைய எடுத்துட்டுப் போகலாமா ஐயா?”

“வெள்ளை இல்ல, தந்த நிறம்,” என்றேன். அந்த நேரத்திலும்.

மேலே இளந்தாரிகள் போகத் தயாராக நின்றார்கள். நான்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் முழங்காலைப் பார்த்து அவர்கள் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. பதுளையிலிருந்து வந்த பெரிய மனுசன் தங்களுக்காக உயிரைக் கொடுத்து மலை ஏறுகிறார் என்று அன்று ஒரு பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்கிறார்களாம். தம்பிமாரே, நான் ஏறியது டெலிபோனை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வராமல்தான். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உரச் சாக்குக்குள் போட்டு, பச்சைப் பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு போனேன்.

வெடிப்பு நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணில் யாரோ கத்தியால் கோடு போட்டதுபோல. இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி அடித்து நடுவே நூல் கட்டியிருந்தார் யோகநாதன். வெடிப்பு அகன்றால் நூல் விறைக்கும், அறுந்தால் ஓட வேண்டும். எனக்குத் தலைக்கு மேல் ஒரு தறப்பாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வெடிப்பின் மறு முனையைப் பார்க்க அவர் மூட்டத்துக்குள் போனார்.

நான் ரிசீவரை எடுத்தேன்.

“ஆயம்மா, கேக்குதா?”

“கேக்குதுங்க. பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது.”

அந்த ஒரு பாராட்டிலேயே எனக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருந்தது. கீழே சனங்கள் லயத்துக்குள் போக ஆரம்பித்தார்கள். யார் யார் போகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அந்த டெலிபோன் செய்யப்பட்ட காலத்தைப் பற்றி அவருக்கு ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். அவரால் வைக்க முடியாது அல்லவா? இப்படி ஒரு ரசிகர் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

கால் மரத்துப்போனதால் எழுந்து நின்று உதறினேன். பின்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். திரும்பினால் நூல் அறுந்து கிடக்கிறது.

“அடிங்க,” என்று கத்தினேன். “மணிய அடிங்க.”

மூட்டத்துக்கு அடியிலிருந்து கோயில் மணி வெறிபிடித்ததுபோல் அடித்தது. வெடிப்பைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. நூலைப் பார்த்தேன். அதன் ஒரு முனை என் சப்பாத்தில் சுற்றியிருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றார் ஆயம்மா. “எல்லாரும் ஓடி வந்துட்டாங்க.”

“நூல் அறுந்துருச்சு.”

“தானாவா?”

சப்பாத்திலிருந்து நூலைப் பிரித்தேன். “என் கால் பட்டுருச்சு.”

அவர் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டுதான் மற்றவர்களிடம் சொன்னார். ஆனால் சரியாகப் பொத்தவில்லை. “ஐயா கால் தடுக்கிருச்சாம்.” பிறகு சிரிப்பு. கறுப்பின் வாய் கிணறு என்று உங்களிடம் ஏற்கனவே சொன்னேன். அந்தக் கிணற்றுக்குள்ளிருந்தும் ஒவ்வொரு சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது.

சனங்கள் மறுபடி லயத்துக்குப் போனார்கள். நான் நூலை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். தறப்பாளுக்கடியில் உட்கார்ந்து, பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

வெடிப்புக்குக் கொஞ்சம் கீழே, செடிகளுக்கு நடுவில் ஒரு ஊற்று இருந்தது. வந்ததும் அதில்தான் கை கழுவினேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். இப்போது தற்செயலாகப் பார்த்தபோது அது பால் தேநீர் நிறத்தில் ஓடியது. மழைக்குக் கலங்குவது சகஜம்தானே என்று நினைத்தேன். ஆனால் மழைதான் இல்லையே. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது நின்றுவிட்டது. குழாயைப் பூட்டினால் நிற்குமே, அதுபோல்.

நூல் அப்படியே இருந்தது. வெடிப்பு அப்படியே இருந்தது. எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் என்னைப் பெரிய ஆளாகக் கற்பனை செய்ய வேண்டாம். நான் அப்போது யோசித்தது கீழே இருக்கிற சனங்களைப் பற்றி அல்ல. மறுபடி மணி அடித்து, மறுபடி ஒன்றும் நடக்காவிட்டால் இந்தக் கதை பதுளை பஜாருக்கு எப்படிப் போய்ச் சேரும், எந்தக் கடையில் யார் எப்படி நடித்துக் காட்டுவார் என்பதைத்தான் யோசித்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஒரு தரம் பிழைவிட்டவனுக்கு இரண்டாம் தரம் வாயைத் திறப்பது முதல் தரத்தைவிடப் பாரம். அந்தப் பாரம் மலையால் வருவதில்லை. நம்முடைய மூஞ்சியைப் பற்றி நாம் வைத்திருக்கிற கவலையால் வருவது.

ரிசீவர் காதில்தான் இருந்தது.

“ஆயம்மா, பயப்பட ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு விசயம். இங்க ஒரு ஊத்து இருக்கு. அதாவது இருந்துச்சு…”

“ஐயா, மணி அடிக்கவா வேணாமா?”

“அதத்தான் யோசிக்கிறேன்.”

“யோசிக்கிறதுக்கா மேல ஏறிப் போனீங்க?”

நான் மறுபடி நூலைப் பார்த்தேன்.

“எனக்கு இங்க இருந்து மலை தெரியல, மூட்டந்தான் தெரியுது,” என்றார் அவர். “கண்ணு ஒங்ககிட்டதான் இருக்கு. என்னா பாத்தீங்களோ அத வச்சுச் சொல்லுங்க.”

“ஊத்து கலங்கினிச்சு. பெறகு நின்னுருச்சு. அடிங்க.”

“கால் படலையே?”

“படல.”

மணி அடித்தது. இந்தத் தடவை அவர் குரலில் கவலை இருந்தது. “யாரும் ஓடலங்க. நடந்துதான் வர்றாங்க. சிரிச்சுக்கிட்டு வர்றாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “பெருமாள் அண்ணன் மட்டும் வரல. கோழி பிடிக்கிறாராம்.” அவர் அடுத்த வார்த்தை சொல்லும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை. “வந்துட்டாருங்க. ரெண்டு கோழியோட. ஒங்களுக்குக் கேக்கணும்னே சத்தமா ஏசுறாரு. சொல்லட்டுமா என்னா சொல்றாருன்னு?”

“வேணாம்மா.”

எல்லோரும் ஓடையைத் தாண்டி மேட்டுக்கு வந்தாயிற்று. இனி மலை சரிய வேண்டும். சரியவில்லை. மூட்டம் கொஞ்சம் விலகிக் கொஞ்சம் மூடியது. எங்கேயோ ஒரு குருவி சத்தமிட்டது. இவ்வளவு அமைதியான, அழகான ஒரு மலையை நான் பார்த்ததே இல்லை.

“ஐயா, சனம் திரும்பிப் போகப் போகுது,” என்றார் ஆயம்மா. “அடுப்புல சோறு வச்சது வச்சபடி இருக்காம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. என்னா சொல்லி நிப்பாட்ட?”

என்னிடம் சொல்வதற்கு என்ன இருந்தது? ஊற்று நின்றதை அவர்களிடம் சொல்லியாயிற்று, அது யாரையும் அசைக்கவில்லை. நான் படித்தவன், பதுளைக்காரன், பெரிய ஆள் என்பதெல்லாம் என் சப்பாத்து நூலை அறுத்ததோடு போய்விட்டது. மிஞ்சியிருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

“அம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள இங்க ஒண்ணும் நடக்கலன்னா, டெலிபோன்காரன் கீழ வந்து, லயத்து வாசல்ல நின்னு, எப்படிக் கால் தடுக்கினேன்னு எல்லாருக்கும் நடிச்சுக் காட்டுவான். அதப் பாக்கணும்னா யாரும் உள்ள போகக் கூடாது.”

அவர் அப்படியே சொன்னார். முதலில் சிரிப்பு. பிறகு பெருமாளின் குரல்: “விழுந்தும் காட்டணும்.”

“விழுந்து காட்டுறேன்னு சொல்லுங்க.”

அவர்கள் நின்றார்கள். என் பேச்சை நம்பி அல்ல, நான் விழுவதைப் பார்ப்பதற்காக. இதைவிட நல்ல காரணம் அன்று என்னால் கொடுக்க முடியவில்லை.

மணிச் சத்தம் கேட்டு யோகநாதன் மறு முனையிலிருந்து விழுந்தடித்து வந்தார். நான் ஊற்றைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு அதற்குக் கீழே செடிகளைப் பார்த்தார். ஒரு வரிசைத் தேயிலை கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. காலையில் அது அப்படி நிற்கவில்லை.

“எழும்புங்க ஐயா. அந்தா அந்தப் பாறைப் பக்கம். எழும்புங்க.”

“ஒரு நிமிசம்,” என்றேன்.

இதை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மலை புறப்படத் தயாராக நிற்கிறது. ஒரு மனிதன் என் கையைப் பிடித்து இழுக்கிறான். நான் குனிந்து, டெலிபோனிலிருந்து வயரைக் கழற்ற ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வயரை அறுத்தால் போதும் என்றுகூடத் தோன்றவில்லை. பின்னல் நூல் கெட்டுவிடுமே.

யோகநாதன் என் சட்டைக் கொலரைப் பிடித்தார். நாயைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். பாறைவரை என் கால் தரையில் பட்ட ஞாபகம் இல்லை.

பிறகு அது போனது. பெரிய சத்தத்தோடு போகும் என்று நினைத்திருந்தேன். முதலில் சத்தமே இல்லை, செடிகள் நின்றபடியே நகர்ந்தன, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாகப் போகிற மாதிரி. தறப்பாளும் அவற்றோடு நிதானமாகப் போனது. அதற்கடியில் தந்த நிறத்தில் ஏதோ ஒன்று ஒரு தரம் தெரிந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. நானும் யோகநாதனும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பாறையில் ஒட்டிக்கிடந்தோம்.

மூட்டத்துக்குக் கீழே என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. அவர் மனைவியும் மகளும் கீழே இருந்தார்கள். பாதை போய்விட்டதால் அடுத்த மலையைச் சுற்றி இறங்கினோம். வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார். நான் எங்கே வழுக்கினாலும் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

கடைசித் திருப்பத்தில் கோயில் மேடு தெரிந்தது. சனங்கள் கூட்டமாக நின்றார்கள். அவர் மகள் ஓடிவந்து அவர் வயிற்றில் முட்டினாள். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கீழே பார்த்தேன். மேல் லயம் இல்லை. அது இருந்த இடத்தில் மண்ணும் தேயிலைச் செடியும் கிடந்தன. நடு லயத்தின் பின் சுவர்கள் உள்ளே விழுந்திருந்தன. கீழ் லயம் நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. பெருமாள் இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழிகளை இடுக்கிக்கொண்டு, தன் வீடு இருந்த இடத்தையே பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டு ஒரு கோழியை என்னிடம் நீட்டினார். எதற்கென்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

ஆயம்மாவைக் காணவில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குள் போனேன். ஜன்னலோரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு ரிசீவர் காதில் இருந்தது. வயரின் மறு முனை மண்ணுக்குள் எங்கேயோ புதைந்திருந்தது, அதில் இனி ஒரு சத்தமும் வராது. முகம் வீங்கியிருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த தேநீர் பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது.

கோழியோடு வாசலில் நின்ற என்னை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தலைவரு எழும்புங்கன்னு சொன்னது கேட்டுச்சு,” என்றார். “நீங்க ஒரு நிமிசம்னு சொன்னதும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு சத்தம். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல.”

“ஓட வேண்டியதாப் போச்சும்மா.”

“ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடியிருக்கலாம். கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட கட்டிப்போச்சு எனக்கு.”

நியாயமான ஏச்சு. வாங்குகிற சாமானைப் பற்றி எவ்வளவோ பேசிய எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் மறந்துதான் போயிருந்தது. கோழியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

“இப்ப வைக்கவா?” என்று கேட்டார்.

“வைங்கம்மா.”

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கப் போனார்.